செருப்பை விட்டுப் போனவர்கள்

பாலாற்றில் கடைசியாகத் தண்ணீர் ஓடிய வருஷத்துக்கு அடுத்த வருஷம், அந்த ஊர்ப் பெரியாஸ்பத்திரியின் பின்கேட்டில் கிடந்த செருப்புகள் நடக்க ஆரம்பித்தன. நடக்க ஆரம்பித்தன என்றால் இடத்தை விட்டு ஒரு விரற்கடைகூட நகரவில்லை. கிடந்த இடத்திலேயே கிடந்து, யாரும் காலில் மாட்டாமலே தேய்ந்தன, சேறு பூசிக்கொண்டன, வார் அறுந்தன. காலையில் கேட்டைத் திறக்கும்போது ஒரு ஜோடியில் நாற்றங்கால் சேறு ஈரம் காயாமல் இருக்கும், பக்கத்து ஜோடியில் கல்யாண மண்டபத்து அட்சதை ஒட்டியிருக்கும், அதற்கடுத்ததில் ஷூ கம்பெனியின் தோல் சிராய் நீலமாகச் சிக்கியிருக்கும். அவற்றின் சொந்தக்காரர்கள் எங்கெங்கோ நடந்துகொண்டிருந்தார்கள், அவர்கள் மிதித்ததெல்லாம் இங்கே வந்து சேர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஏன் இப்படி என்று கேட்டு அந்த ஊர் நேரத்தை வீணாக்கவில்லை. ஒரு ஆறு முழுசாக மணலாகிப் போனதற்கே காரணம் கேட்காத ஊர், செருப்புக்கா கேட்கப்போகிறது?

அவை ஏன் அங்கே கிடந்தன என்பதற்கு மட்டும் காரணம் உண்டு. புற்றுநோய் வார்டு ஆஸ்பத்திரியின் கடைசிக் கட்டடம், சலவைக்கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவில். வைத்தியம் முடிந்து பிழைத்தவர்கள் முன்வாசல் வழியாகப் போவதில்லை, யார் கண்ணிலாவது படவேண்டியிருக்கும் என்பதால் பின்கேட்டு வழியாகப் போனார்கள். போகும்போது பீடை இங்கேயே ஒழியட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். உலகத்தில் வேறெங்கே கிளம்பினாலும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லும் ஜனங்கள் அந்த ஒரு கேட்டில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. வாட்ச்மேன்கூட, வாய் தவறி ‘போயிட்டு வாங்க’ என்று தொடங்கிவிட்டால் பாதியில் நாக்கைக் கடித்துக்கொள்வார்.

டாக்டர் கமலவேணிக்கு அந்த வழக்கத்தோடு தீராத சண்டை இருந்தது. வந்த புதிதில் இல்லை. இருபத்தொன்பது வயதில் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது, பிழைத்தவன் போகட்டும், அடுத்த ஆளைப் படுக்கவை என்றுதான் அவளும் இருந்தாள். ஏகாம்பரம் என்ற தறிக்காரரைக் குணமாக்கி, மண்ணீரலை எடுத்து, கைகுலுக்கி அனுப்பினாள். அவருடைய ரப்பர் செருப்பு மூன்று வருஷம் பஞ்சு இழையும் கஞ்சிப் பசையுமாக ஒழுங்காக நடந்தது. ஒரு வாரம் அதில் புதுத் தூசி விழவில்லை. அடுத்த வாரமும் விழவில்லை. விசாரித்தபோது, வந்தது சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், கஷாயம் வைத்துக் கொடுத்தோம் என்றார்கள், இரண்டே நாள்தான் என்றார்கள். மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஓடிவர வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டியவள் கைகுலுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒருவர் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தால் குணமானவர் என்று ஏட்டில் ஒரு டிக் விழுகிறது. சரி, ஆறாவது வருஷம்? எலும்பு பொடிகிறது, காது மந்தமாகிறது, பாதம் மரத்துப்போகிறது, ராத்திரியெல்லாம் பயம் தூங்கவிடுவதில்லை. இதெல்லாம் யார் துறை? பெரிய டாக்டர் சொன்னார், குணமானவரைப் பார்க்க டாக்டர் எதற்கு, குணமாகாதவர்களே வராந்தாவில் படுத்திருக்கிறார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் இரண்டு நியாயங்களில் ஒன்றை மட்டும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது என்ன நியாயம் என்று கமலவேணி திருப்பிக் கேட்டாள், பதில் வராததால் மறுநாளிலிருந்து காலை ஏழு முதல் ஒன்பது வரை, தன் சொந்த நேரத்தில், பின்கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். பிழைத்தவர்கள் வரவில்லை. ஆறு மாதத்துக்கொருமுறை வாருங்கள் என்று அவள் சொன்னதைச் சாபம் விட்டதைப் போலக் கேட்டுக்கொண்டு போனவர்கள் எப்படி வருவார்கள்? செருப்புகள்தான் வந்தன, தினம் தினம், தவறாமல்.

ஆகவே அவள் செருப்புகளைப் பார்க்கத் தொடங்கினாள்.

துணைக்குக் கிடைத்தவர் மஸ்தான் பாய். ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் அடிப்பாகம் ஒட்டியவர். தொண்டையில் வந்து, குரல்வளையை எடுத்து, கழுத்தில் ஒரு துளையோடு பிழைத்தவர். துளையை விரலால் மூடினால்தான் பேச்சு வரும், அதுவும் ஒரு மூச்சுக்கு நாலைந்து வார்த்தை. அவருடைய செருப்பும் அந்தக் குவியலில்தான் இருந்தது. அதை நினைத்துக்கொண்டு தினமும் வந்து நின்றவர், பிறகு போகவே இல்லை. குவியலைப் பிரித்து, பழைய மருந்துப்பெட்டிப் பலகைகளில் தட்டு அடித்து, ஜோடி ஜோடியாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் வார்டு நம்பரையும் பெயரையும் எழுதினார். எல்லோர் செருப்பும் ஊர் சுற்றுகிறது, பாய் செருப்பு மட்டும் ஏன் இங்கேயே இருக்கிறது என்று யாராவது கேட்டால், விரலை வைத்துக்கொண்டு, “அதான் நான் காவல் காக்கறேனே” என்பார்.

அவர்தான் அவளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார், அவள் அதற்கு வைத்தியம் சேர்த்தாள். இடது குதி மட்டும் கரைந்தால் இடுப்பெலும்பு. முன்நுனி தேய்ந்தால் பாதம் மரத்தவர், தரையைத் தேடித் தேடி வைக்கிறார். எட்டு மாதமாக ஒரு பெண்ணின் செருப்பில் ஒரே அறையின் சிமெண்டுத் தரைத் தூசி தவிர வேறெதுவும் இல்லை. மார்பை எடுத்த பிறகு அவள் வாசல்படி தாண்டவில்லை என்று அதற்கு அர்த்தம். கமலவேணி மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். வீட்டுக்குள் டாக்டர் வந்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்பதால் ரேஷன் வரிசையில் பின்னால் நின்று பேசுவாள், டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நாடி பார்ப்பாள், வெண்டைக்காய் பொறுக்கும் சாக்கில் கழுத்து நெறிக்கட்டியைத் தொட்டுப் பார்ப்பாள். இருபத்தொன்பது வருஷத்தில் அந்த ஜில்லாவில் அவளுடைய கிளினிக் இல்லாத காய்கறிக்கடை கிடையாது. கூடப் படித்தவர்கள் அவளைச் ‘செருப்பு டாக்டர்’ என்றார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. நோயைவிட்டு ஆளைப் பார்க்கிற டாக்டருக்கு அதைவிட மோசமான பெயர் கிடைத்திருக்கலாம்.

ஊர் அந்தச் செருப்புகளை எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் சொல்லவேண்டியது. முதல் மாதம் பார்க்க வந்தார்கள், இரண்டாவது மாதம் பழகிவிட்டார்கள், மூன்றாவது மாதம் பயன்படுத்தத் தொடங்கினார்கள். புருஷன் வேலைக்குப் போனானா, ஒயின் ஷாப்புக்குப் போனானா என்று தட்டைப் பார்த்துவிட்டுப் போக மனைவிமார் வந்தார்கள். தன் செருப்பில் எந்தத் தெரு மண் இருக்கிறதென்று மனைவிக்குத் தெரிந்துபோன ஒருவர், குணமாகாமலே இருந்திருக்கலாம் என்று பாயிடம் அழுதார். ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கிறவர் வந்து எந்த ரப்பர் எத்தனை வருஷம் தாங்குகிறதென்று குறித்துக்கொண்டு போனார். யாரோ ஒரு ஜோடிக்குக் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் செருகினார்கள். கமலவேணி அதைத் துடைத்துவிட்டுப் பழத்தைப் பிழிந்து குடித்தாள். இரண்டு தெருக்காரர்கள் கூட்டமாக வந்து, தங்கள் ஆட்களின் செருப்பு கீழ்த்தட்டில், அதுவும் இன்னார் செருப்புக்குக் கீழே இருப்பதை ஏற்கமுடியாது என்றார்கள். உள்ளே ஒரே ரத்த வங்கியிலிருந்து ரத்தம் ஏற்றிக்கொண்டபோது வராத ரோஷம் அது. கமலவேணி கோபத்தில் வாயெடுக்குமுன் மஸ்தான் பாய் விரலை வைத்துக்கொண்டு, மேல்தட்டு தாராளமாகத் தருகிறேன், மழை வந்தால் ஒழுகுவது அங்கேதான் என்றார். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் கல்யாணத் தரகர் வந்ததை அப்படிச் சிரித்துவிட முடியவில்லை. வியாழக்கிழமைதோறும் வந்து, பெண்பிள்ளைச் செருப்பாகப் பார்த்து, பலகையில் இருந்த பெயர்களை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போனார். அந்த வருஷம் மூன்று நிச்சயதார்த்தம் நின்றது. திருடினாளா, கொலை செய்தாளா, பிழைத்தாள். அதற்குச் சாட்சி இந்தச் செருப்பு. அன்றைக்கே பெயர்கள் இருந்த பலகைகளை எல்லாம் கழற்றி, வெறும் நம்பர் மட்டும் எழுதினார்கள். எந்த நம்பர் யார் என்பது கமலவேணியின் அலமாரிக்கும் பாயின் தலைக்கும் மட்டுமே தெரியும்.

அறுநூற்று நாற்பது என்பது அஞ்சுகம். பன்னிரண்டு வயதில் ரத்தப்புற்று வந்து, இரண்டரை வருஷம் ஊசிகளோடு படுத்து எழுந்து, வண்ணத்துப்பூச்சி ஒட்டிய ரோஸ் செருப்பை விட்டுவிட்டுப் போன சிறுமி. பிள்ளைகள் விட்டுப்போன செருப்புகள் அவர்களோடு சேர்ந்து வளரும். அறுநூற்று நாற்பதும் வருஷத்துக்கு ஒரு நம்பர் ஏறி, பள்ளிக்கூட மைதானம், காலேஜ் படிக்கட்டு, தையல் கடை என்று எல்லாவற்றையும் மிதித்து, இருபத்தாறு வயதுப் பெண்ணின் செருப்பாகத் தட்டில் இருந்தது. வண்ணத்துப்பூச்சியும் கூடவே பெரிதாகியிருந்தது. போன வருஷம் ஒரு நாள் அதில் மஞ்சளும் பூவிதழும் வந்தன. கல்யாணம் ஆகிவிட்டது என்று பாய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இந்த ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, அதே செருப்பைக் கையில் எடுத்துப் பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குதிகால் அழுந்தியிருந்தது, உடம்பைப் பின்னால் சாய்த்து நடக்கிற நடை. அதைப் படிக்க டாக்டர் படிப்பு வேண்டாம்.

“ரெண்டு உசுரா நடக்குது,” என்றார்.

கமலவேணி சிரிக்கவில்லை. அவள் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரும் உள்ளேயிருந்து யாரோ இழுப்பதுபோல விரிந்து, தையல் விட்டு, ஓரத்தில் பிய்ந்திருந்தது. பாதம் வீங்கியிருக்கிறது. அடிப்பாகத்தில் பத்தடிக்கொருமுறை நின்று நின்று போன அழுத்தம். அவளுக்கு அந்தச் சிவப்பு மருந்து ஞாபகம் வந்தது. சொட்டுச் சொட்டாக இறங்கும்போது ரோஸ்மில்க் மாதிரி இருக்கு என்று அஞ்சுகம் சொல்லிச் சிரித்த மருந்து. அது ரத்தத்தைச் சுத்தம் செய்துவிட்டு, சிலருக்கு இருதயத்தில் ஒரு பலவீனத்தை வைத்துவிட்டுப் போகும். பத்துப் பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் இருக்கும் பலவீனம், வயிற்றில் ஒரு பாரம் ஏறும்போது எழுந்துகொள்ளும். பிரசவம் பார்க்கப்போகிற டாக்டருக்கு அந்த மருந்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது சகஜம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், ஏகாம்பரத்துக்குக் கஷாயம் கொடுத்த மாதிரி.

அஞ்சுகத்தின் அம்மாவைத் தேடிப் போனாள். எங்கே கட்டிக்கொடுத்தீர்கள் என்று கேட்டாள். அந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொன்னாள், பிறகு கதவைப் பாதி சாத்திக்கொண்டு, “அவளுக்கு அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல டாக்டரம்மா. நாங்க அப்படித்தான் சொல்லிக் கட்டிக் குடுத்திருக்கோம்,” என்றாள். கமலவேணி ஆபத்து என்று சொல்லிப் பார்த்தாள். நல்லபடியா வாழறவளுக்கு நீங்கதான் ஆபத்து என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் மீதிக் கதவையும் சாத்தினாள்.

திரும்பி வந்து அந்தச் செருப்பை மூக்கருகே கொண்டுபோனாள் கமலவேணி. கரித்தூள். அதற்கடியில் மல்லிகை எண்ணெய். அந்த மணம் அவளுக்குத் தெரியும். பாயும் அவளும் ஒரே நேரத்தில் இரண்டாம் தட்டின் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டு. இந்திராணி. பத்தொன்பது வருஷத்துக்கு முன் கர்ப்பப்பையில் புற்று வந்து பிழைத்தவள். வீட்டில் ஊதுபத்தி உருட்டுகிறவள். சாதாரண கர்ப்பப்பை ஆபரேஷன் என்று ஊருக்குச் சொன்னவள். உண்மை தெரிந்த ஒரே மனிதரான புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார், பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரே மகனுக்குத் தெரியாது. கமலவேணி அவளை வருஷத்துக்கு இரண்டு முறை மார்க்கெட்டில் எலுமிச்சம்பழக் கடைமுன் எதேச்சையாகச் சந்திப்பாள். போன தடவை சந்தித்தபோது மகனுக்குக் கல்யாணம் முடித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தாள். ஒரே கூரைக்குக் கீழே மாமியாரும் மருமகளும், ஒருத்திக்கொருத்தி தெரியாமல், ஒரே ஆஸ்பத்திரிப் பின்கேட்டை மறைத்துக்கொண்டு சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

“போவாதீங்கோ,” என்றார் பாய். துளையிலிருந்து விரலை எடுத்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி வைத்தார். “சொல்ல வேணாம்னு அது முடிவு பண்ணுச்சு. நாம யாரு?”

“ரகசியம் அவளோடதுதான் பாய். மருந்து நான் ஏத்தினது.”

இந்திராணியின் வீடு நீளச் சந்தின் கடைசி. வாசல் முழுக்கத் தட்டுகளில் ஊதுபத்தி காய்ந்துகொண்டிருந்தது. உள்முற்றத்தில் இந்திராணி கறுத்த கையோடு பலகைமுன் உட்கார்ந்திருந்தாள். குச்சி நுனி முக்குகிற ரோஸ் சாயத்தை ஒரு அகலச் சட்டியில் எடுத்துக்கொண்டு, ஏழு மாத வயிற்றோடு, அடியடியாக வந்துகொண்டிருந்தாள் அஞ்சுகம். கமலவேணி தன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நிலைப்படியில் நின்றாள்.

“யாரு நீங்க?” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில், ஒரே குரலில்.

பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவசரமாகப் பார்வையை விலக்கிக்கொண்டார்கள். பதினான்கு வருஷத்துக்கு முன் தன் மடியில் தலைவைத்து வாந்தியெடுத்த பெண்ணும், போன மாசி மாதம் தன்னிடம் ரத்தச் சீட்டைக் காட்டிய பெண்ணும் தன்னை யாரென்று கேட்பதைக் கேட்டுக்கொண்டு, ஊதுபத்தி வாங்க வந்தேன் என்றாள் கமலவேணி.

“எந்த வாசனை?” என்று இந்திராணி பிடித்துக்கொண்டாள். “மல்லியா, சந்தனமா?”

“மல்லி.”

அஞ்சுகத்தின் கையில் சட்டி சாய்ந்து, சாயம் முற்றமெங்கும் ஓடியது. மருமகள் குனியப்போனாள், நீ குனியாதே என்று மாமியார் பாய்ந்து வந்தாள். இரண்டு பேரும் அந்த ரோஸ் வெள்ளத்தில் வெறுங்காலோடு நின்று துணி போட்டு ஒற்றினார்கள். கமலவேணி காலைத்தான் பார்த்தாள். அஞ்சுகத்தின் கணுக்கால் இருக்கவேண்டிய இடத்தில் கணுக்கால் இல்லை. நிமிர்ந்த அஞ்சுகம் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆறேழு மூச்சு வாங்கிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள்.

“மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுதாம்மா?”

“ஊதுபத்தி வாங்க வந்தவங்களுக்கு அதெல்லாம் இன்னாத்துக்கு?” என்றாள் இந்திராணி.

“நான் நல்லா தூங்கறேன்,” என்றாள் அஞ்சுகம், தரையைப் பார்த்து. “அத்தை, அவங்களைச் சீக்கிரம் அனுப்புங்க.”

ஒரு டஜன் மல்லியை வாங்கிக்கொண்டு கமலவேணி சந்து முனையைத் தாண்டும்போது, பின்னாலேயே ஒரு பாக்கெட்டை விட்டுட்டீங்க என்று கத்திக்கொண்டு இந்திராணி ஓடிவந்தாள். பக்கத்தில் வந்ததும் குரலை விழுங்கினாள்.

“பத்தொம்போது வருஷமாச்சு. எம்மவனுக்கே தெரியாது. மருமவ முன்னால வந்து நிக்கறீங்களே, அது நாளைக்கு என் கையால ஒரு வாய் சாப்புடுமா?” அவள் கண் டாக்டரின் முகத்தில் எதையோ தேடியது. “என் செருப்புல எதுனா தெரிஞ்சுதா? நோவு திரும்பிக்கிச்சா?”

இல்லை, உங்களுக்கு ஒன்றுமில்லை, நான் வந்தது உங்கள் மருமகளுக்காக. ஒரே வாக்கியம். சொன்னால் ஒரு உயிர் பிழைக்கலாம். சொன்னால், தன்னிடம் ஒப்படைத்த ரகசியத்தை அவள் ஒரு மாமியார் கையில் கொடுத்தவளாவாள், தரகர் நோட்டுக்கும் தன் வாய்க்கும் வித்தியாசம் இல்லாமல் போகும். இந்த மாமியார் எப்படிப்பட்டவள் என்று யாருக்குத் தெரியும்? தனக்கு வந்தது பிறருக்கு வந்தால் இரங்குவார்கள் என்பது எப்போதும் உண்மையில்லை; மறைத்தவர்கள்தான் சில சமயம் மற்றவரை முதலில் காட்டிக்கொடுப்பார்கள், அதையும் அவள் பார்த்திருக்கிறாள்.

“சாயங்காலத்துக்குள்ள பின்கேட்டுக்கு வாங்க,” என்றாள். “உங்க செருப்பை நீங்களே பாருங்க.”

அது பொய்யில்லை. நேர்மையுமில்லை. மொபெட்டில் போகும் வழியெல்லாம் அவள் அந்த இரண்டுக்கும் நடுவில் தன்னோடு சண்டை போட்டுக்கொண்டே போனாள். போய்ச் சேர்ந்தவுடன் இருதய ஸ்கேன் எடுக்கிற ஆளிடம் வீட்டுக்குப் போகவேண்டாம் என்றாள், பிரசவ வார்டுக்குச் சொல்லியனுப்பினாள், வருவதென்று யாரும் சொல்லாத ஒருத்திக்கு ஒரு கட்டிலில் விரிப்பு மாற்றச் சொன்னாள்.

மூன்று மணிக்கு இந்திராணி வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றாள், உள்ளே காலை வைக்கவில்லை. பாய் இருநூற்றுப் பன்னிரண்டை எடுத்துக் காட்டினார். திருவிழாக் கடையில் வாங்கிய பழுப்புத் தோல் செருப்பு, இத்தனை நாள் கழித்தும் அதே கொக்கி. கரி படிந்த அடிப்பாகத்தில், புதிதாக, ஈரமாக, ரோஸ் சாயம்.

“காலைல கொட்டுனது,” என்றாள். “வேற ஒண்ணும் இல்லியே? குதி சரியாத்தானே கீது?”

சரியாக இருக்கிறது என்றாள் கமலவேணி. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எந்தச் செருப்பையும் அவள் நகர்த்தி வைக்கவில்லை, எந்தப் பக்கமும் கைகாட்டவில்லை. இந்திராணி பெருமூச்சு விட்டாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், இத்தனை பேரா பிழைச்சிருக்காங்க என்று தட்டுகளை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சேறு, சிமெண்டு, பஞ்சு, சாம்பல். ஐந்தாம் தட்டில் அவள் கண் நின்றது. வண்ணத்துப்பூச்சி ஒட்டிய செருப்பு. அதன் அடியில் ரோஸ் சாயம், அதே ஈரம்.

அந்த முற்றத்தில் அந்தச் சாயத்தை மிதித்தவர்கள் இரண்டே பேர்.

சலவைக்கூடத்தில் துணி அடிக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“இது யாருது பாய்?”

“இங்க பேரு கெடையாது. நம்பர்தான்.”

இந்திராணி கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். பிய்ந்த வாரை விரலால் தடவினாள். “தனித் தட்டு, தனி டம்ளர் வெச்சிக்கினு இருக்கும்,” என்றாள், தனக்குத்தானே. “என்னப் பத்தி யாரோ சொல்லிட்டாங்கோ, அதான் ஒதுங்குதுன்னு நெனச்சேன். நானும் ஒதுங்கினேன். ஒரே வூட்டுல அது எனக்குப் பயந்துகினு, நான் அதுக்குப் பயந்துகினு.” பிறகு டாக்டரைப் பார்த்தாள். “உசுருக்கு ஆபத்தா?”

“நான் யாரைப் பத்தியும் சொல்லலை.”

“நானும் யாரைப் பத்தியும் கேக்கல. இந்தச் செருப்புக்காரிக்கு.”

“இன்னைக்கே வந்தா காப்பாத்தலாம்,” என்றாள் கமலவேணி.

இந்திராணி வண்ணத்துப்பூச்சிச் செருப்பைத் தட்டிலிருந்து எடுத்தாள். பாய் கையை நீட்டித் தடுத்தார். இத்தனை வருஷத்தில் விட்டுப்போன செருப்பை யாரும் திரும்ப எடுத்ததில்லை. எடுத்தால் விட்டதெல்லாம் கூடவே வரும் என்பது அந்தக் கேட்டில் எல்லோருக்கும் தெரிந்த பயம், மஸ்தான் பாய்க்கும் உள்ள பயம். இந்திராணிக்கும் இருந்தது. ஆனாலும் அவள் தன் பழைய தோல் செருப்பைக் கீழே போட்டு, வலது காலை விட்டாள், இடது காலை விட்டாள். பத்தொன்பது வருஷமாக அவள் காலோடு சேர்ந்து தேய்ந்த செருப்பு, நேற்றுக் கழற்றியதுபோலப் பொருந்தியது.

“பையில போட்டுத் தரட்டா?” என்றார் பாய்.

“எதுக்கு? திருடிக்கினா போறேன்?”

மருமகளின் செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பஜார் வீதி நடுவே, பூக்கடையும் பாத்திரக்கடையும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மாமியார் நடந்து போனாள். ஊருக்கு அந்தச் செருப்புகளைத் தெரியும். தரகர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் நோட்டை எடுத்தாரா என்று கமலவேணிக்குத் தெரியாது, எடுத்திருந்தால் எந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நான்கு மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. ஸ்கேன்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். நான் செய்தது சரியா பாய் என்று அவள் கேட்டாள், அவர் துளையில் விரலை வைக்காமலே தலையை இப்படியும் ஆட்டினார், அப்படியும் ஆட்டினார்.

ஐந்தேகாலுக்கு ஷேர் ஆட்டோ பஜார் முனையில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். பத்தடிக்கொருமுறை நின்றார்கள், ஒருத்தி நின்றபோது மற்றவளும் நின்றாள். முன்கேட்டு கிட்டத்தில் இருந்தும் அவர்கள் சுற்றிக்கொண்டு பின்கேட்டுக்கே வந்தார்கள். வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை, கமலவேணியும் கேட்கவில்லை. அஞ்சுகத்தின் முகம் அழுது வீங்கியிருந்தது. டாக்டரைப் பார்த்ததும் முதலில் சொன்னது, “உங்களை யாருன்னு கேட்டதுக்கு மன்னிச்சுக்குங்க.”

“பரவால்ல. ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே கேட்டீங்க.”

இருதயம் பாதி பலத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் என்று ஸ்கேன்காரர் தொடங்கியதை அவள் கையமர்த்தினாள். பன்னிரண்டு நாள் படுக்கவைத்து, நீர் இறங்க மருந்து கொடுத்து, இருதயத்துக்கும் பிரசவத்துக்குமாக டாக்டர்களை ஒரே கட்டிலைச் சுற்றி நிறுத்தி, அந்தச் சிவப்பு மருந்தின் பெயரைக் கேஸ் ஷீட்டின் முதல் வரியில் பெரிதாக எழுதவைத்தாள். சனிக்கிழமை பெங்களூரிலிருந்து வந்த மகனுக்கு, கட்டிலின் இந்தப் பக்கம் மனைவியும் அந்தப் பக்கம் அம்மாவும் இருந்து இரண்டு கதையையும் சொன்னார்கள். அவன் எழுந்து போய்ப் பின்கேட்டில், தட்டில் காலியாக இருந்த இரண்டு இடங்களையும் பார்த்தபடி நின்றிருந்தான். திரும்பி வரும்போது கையில் மூன்று இளநீர் இருந்தது.

பதின்மூன்றாம் நாள் கணுக்கால் தெரிந்தது. வீட்டுக்குப் போகலாம், பிரசவம்வரை வாராவாரம் வரவேண்டும் என்றாள் கமலவேணி. பின்கேட்டில் அஞ்சுகம் நின்றபோது, பாய் பழக்கதோஷத்தில் ஐந்தாம் தட்டைத் துடைத்து, அறுநூற்று நாற்பது பலகையை நேராக்கி வைத்திருந்தார். அவள் அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். பாய் வார் தைத்துக்கொடுத்திருந்த செருப்பைப் பார்த்தாள். கழற்றவில்லை. இரண்டு அடி போனாள், பிறகு அந்தக் கேட்டில் யாரும் செய்யாததைச் செய்தாள், திரும்பிப் பார்த்தாள்.

“போயிட்டு வரேன், டாக்டர்.”

வாட்ச்மேன் நாக்கைக் கடித்துக்கொண்டார். சலவைக்கூடத்தில் துணி அடிப்பது நின்றது. வானம் இடிந்து விழவில்லை. இத்தனை வருஷமாகச் சொல்லக் காத்திருந்த வார்த்தை தொண்டைக்கு வந்தபோது, கமலவேணிக்கும் பாயைப் போலக் கழுத்தில் எங்கேயோ விரல் வைத்துக்கொண்டால்தான் பேச வரும்போல இருந்தது.

“போயிட்டு வாம்மா,” என்றாள். “செவ்வாய்க்கிழமை.”

செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள், மாமியாரோடு. அவர்களுக்குப் பின்னால், பதினான்கு வருஷமாக அந்தப் பக்கமே தலைவைக்காத ஒருவர், வெறுங்காலோடு, கேட்டுக்கு வெளியே நின்றபடி பாயைக் கேட்டுக்கொண்டிருந்தார், முந்நூற்று எட்டு இன்னும் இருக்கிறதா, காலில் போட்டுப் பார்க்கலாமா என்று.